கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு: இன்ஜின் வாங்கலாமா, மணிலா போடலாமா?

போன இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சிதம்பரம் வட்டத்தில் கடைமடையில் ஒன்றரைக் காணி, அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர், வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

"என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கணக்குப் பாடத்தில் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு போடுகிறாள். 'இது நம்ம கொல்லைக்கு எதுக்காவது உதவுமாப்பா?' என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. சம்பா கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோய், வருஷா வருஷம் வாடகைக்கு இன்ஜின் எடுத்து வடிகாலிலிருந்து இறைக்கிறேன். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாமா?"

இரண்டு கேள்வி கேட்டதாக அவர் நினைத்திருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு மகளின் நோட்டிலேயே விடை இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. எழுத உட்கார்ந்தபோது என் பழைய தப்பு ஒன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோயிலிலிருந்து எத்தனை தப்படி

சிதம்பரம் தெரியாதவர் நம்மில் குறைவு. நடுவில் கோயில், சுற்றி நான்கு வீதி. புதிதாக வருகிறவருக்கு வழி சொல்ல வேண்டுமானால், "கோயிலிலிருந்து கிழக்கே 300 தப்படி, அங்கிருந்து தெற்கே 200 தப்படி" என்றால் போதும், ஆள் வந்து சேர்ந்துவிடுவார். இரண்டே எண். ஒரு எண் மட்டும் சொன்னால் அவர் வீதி முழுக்க அலைய வேண்டியதுதான்.

மகளின் பாடமும் இதுதான். தாளின் நடுவே படுக்கையாக ஒரு கோடு, அதற்குப் பெயர் எக்ஸ் அச்சு. நிமிர்ந்து ஒரு கோடு, அது ஒய் அச்சு. இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி, நம் கணக்கில் கோயில். வலப்பக்கமும் மேலேயும் போனால் கூட்டல் எண்கள், இடப்பக்கமும் கீழேயும் போனால் கழித்தல் எண்கள். விவசாயியின் மணி, ஏக்கர், மூட்டை எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் நமக்குத் தாளின் வலது மேல் மூலை மட்டும் போதும். கடன் கணக்கு எழுதுகிறவர்களுக்கு வேண்டுமானால் கீழ்ப்பக்கமும் தேவைப்படலாம்!

பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரெனே தெக்கார்த் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலில் இந்த யோசனைக்கு வித்திட்டார். இங்கிலீஷில் கார்ட்டீசியன் தளம் என்று சொல்வது அவர் பெயரை வைத்துத்தான். எண்களை வைத்துப் போடும் சமன்பாட்டைப் படமாகப் பார்க்கலாம், படத்தைச் சமன்பாடாக எழுதலாம் என்பது அவருக்குப் பின் உலகத்துக்கே பழகிவிட்டது.

திருந்திய நெல் சாகுபடியில் மார்க்கர் உருட்டிய வயலைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கும் நெடுக்கும் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு குத்து. சதுர மீட்டருக்கு 16 குத்து. வரப்பு மூலையை ஆதிப்புள்ளியாக வைத்துக்கொண்டால் "மூன்றாவது வரிசை, ஏழாவது குத்தில் குருத்துப்பூச்சி" என்று துல்லியமாகச் சொல்லலாம். கட்டம் போட்ட தாளைச் சேற்றிலேயே விரித்தவர்கள் நாம்தான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

வாடகைக் கோடும் சொந்தக் கோடும்

இன்ஜினுக்கு வருவோம். முதலில் எத்தனை மணி நேரம் ஓட வேண்டியிருக்கும் என்று தெரிய வேண்டும்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சத்து 2 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். உங்கள் இன்ஜின் எவ்வளவு இறைக்கிறது என்பதை அறிய, 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 20 நொடி என்றால் நொடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர். 2,02,000ஐ 36,000ஆல் வகுத்தால் 5.6 மணி. வாய்க்காலில் ஊறிப்போவதையும் சேர்த்து ஏக்கருக்கு ஒரு தண்ணி கட்ட 6 மணி என்று வைப்போம். 2 ஏக்கருக்கு ஒரு தண்ணி 12 மணி, மூன்று தண்ணி 36 மணி, நான்கு தண்ணி 48 மணி.

இனி செலவு. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை இன்ஜின், டீசலோடு சேர்த்து மணிக்கு 250 ரூபாய். ஓட்டாவிட்டால் செலவு இல்லை. ஆக,

செலவு = 250 × மணி

சொந்த இன்ஜின் 40,000 ரூபாய், 8 வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 5,000. பழுது, சர்வீஸ் 1,000. ஆக, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷம் 6,000 ரூபாய் போய்விடும். ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் டீசல், ஆயில் 100 ரூபாய்.

செலவு = 6,000 + 100 × மணி

மகளின் புத்தகத்தில் ஒய் = எம் எக்ஸ் + சி என்று இருக்கும். ஒய் என்பது செலவு, எக்ஸ் என்பது மணி. எம் என்பது மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பது, அதாவது கோட்டின் சாய்வு. சி என்பது ஓட்டுவதற்கு முன்பே கையை விட்டுப் போகும் பணம். புத்தகம் அதை வெட்டுத்துண்டு என்று சொல்லும், நாம் "நின்ன செலவு" என்போம்.

இப்போது தாளை எடுங்கள். படுக்கை அச்சில் ஒரு கட்டம் 5 மணி. நிமிர்ந்த அச்சில் ஒரு கட்டம் 1,000 ரூபாய். வாடகைக் கோட்டுக்குப் புள்ளிகள்: 0 மணிக்கு 0 ரூபாய், 20 மணிக்கு 5,000, 60 மணிக்கு 15,000. மூன்றையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்தால் ஆதிப்புள்ளியில் தொடங்கிச் செங்குத்தாக ஏறும் ஒரு கோடு. சொந்தக் கோட்டுக்கு: 0 மணிக்கு 6,000, 20 மணிக்கு 8,000, 60 மணிக்கு 12,000. இது உயரத்தில் தொடங்கினாலும் மெதுவாகத்தான் ஏறும்.

நேர்க்கோடு போட இரண்டு புள்ளி போதும். மூன்றாவது எதற்கு என்றால், கணக்கில் தப்பு இருந்தால் அது கோட்டில் உட்காராமல் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் பரீட்சையில் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு கோடும் 40 மணி, 10,000 ரூபாய் என்ற இடத்தில் வெட்டுகின்றன. 40 மணிக்குக் குறைவாக ஓட்டினால் வாடகை லாபம், அதற்கு மேல் ஓட்டினால் சொந்த இன்ஜின் லாபம்.

நம் வாசகருக்கு மூன்று தண்ணி என்றால் 36 மணி. வாடகை 9,000, சொந்தம் 9,600. நான்கு தண்ணி என்றால் 48 மணி. வாடகை 12,000, சொந்தம் 10,800. வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் அவர் ஊசலாடிக்கொண்டிருக்கிறார். வருஷா வருஷம் அவருக்கு இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

வெட்டும் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும்போது 600 ரூபாய் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வேறு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பால் பிடிக்கும் பருவத்தில் கேட்ட அன்றைக்கே வாடகை இன்ஜின் கிடைக்கிறதா? மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடியதும் உங்கள் வாய்க்காலில் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் இன்ஜின் தேவைப்படும். நாலு நாள் தள்ளிக் கிடைத்தால் பதர் விழும். அந்த நஷ்டம் இந்தக் கோடுகளில் இல்லை.

கோட்டை அசைத்துப் பாருங்கள், அதில்தான் ருசி. கடன் வாங்கி இன்ஜின் எடுத்து, வட்டியோடு நின்ன செலவு 7,500 ஆகிவிட்டால், சொந்தக் கோடு அப்படியே 1,500 ரூபாய் மேலே நகரும். சாய்வு மாறாது. வெட்டும் இடம் 50 மணிக்குத் தள்ளிப் போகும். மானியம் கிடைத்தால் கோடு கீழே இறங்கும், வெட்டும் இடம் முன்னால் வரும். அதனால் வாங்குவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறையில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

பக்கத்து வயல்காரரும் நீங்களும் சேர்ந்து வாங்கினால் ஒருவருக்கு நின்ன செலவு 3,000. வெட்டும் இடம் 20 மணிக்கே வந்துவிடுகிறது. 36 மணி ஓட்டினால் 3,000 + 3,600 = 6,600 ரூபாய். வாடகையைவிட 2,400 மிச்சம். நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஆனால் இன்று யார் வயலுக்கு, நாளை யார் வயலுக்கு என்பதை வாங்கும் அன்றே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தால் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, படுக்கை அச்சில் பின்னால் நகர்வது. சி.ஆர். 1009 போன்ற 155, 160 நாள் ரகத்தை விட்டு 135 நாள் ரகத்துக்கு வந்தால், அதே தேதியில் விதைத்தாலும் கடைசியில் இறைக்க வேண்டிய தண்ணி ஒன்றோ இரண்டோதான். 12 அல்லது 24 மணி. அப்போது சொந்த இன்ஜின் பேச்சே வேண்டாம். வாய்க்கால் தண்ணீர் தாமதமாக வருகிற ஊர்களில் இதுவே நல்லது. தழைச்சத்தும் தண்ணீரும் நிறைய கிடைக்கும் ஊர்க்காரர்கள் 1009ஐ விடமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நான் பாதி படித்த அட்டவணை

இது நடந்து 25 வருஷம் இருக்கும். கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே கடலோர மணல்பாங்கான ஊர் ஒன்று. ஒரு விவசாயி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துச் சீட்டோடு வந்தார். மின் கடத்துதிறன் 3 டெசிசைமன் என்று இருந்தது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் எண் அது.

"நெல்லா, மணிலாவா சார்?" என்றார்.

என்னிடம் ஓர் அட்டவணை இருந்தது. எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரை மகசூல் குறையாமல் தாங்கும் என்று அதில் இருக்கும். நெல்லுக்கு 3.0, மணிலாவுக்கு 3.2. மணிலா கொஞ்சம் கூடவே தாங்குகிறதே, தண்ணீரும் குறைவாகத்தானே பிடிக்கும் என்று நினைத்து, "மணிலாவே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். நகையை வைத்துத்தான் விதை வாங்கினார் என்று பிறகு தெரிந்தது.

மாசியிலேயே இலை ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. நல்ல வருஷத்தில் எடுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறியது. அவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் ஞாபகம் இருந்திருக்காது.

அன்று ராத்திரி அந்த அட்டவணையை மறுபடி எடுத்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரிலுள்ள உவர் ஆய்வகத்தில் மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் பல பயிர்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்து 1977இல் வெளியிட்டது அதன் அடிப்படை. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் தன் பாசன நீர்த் தரக் கையேட்டில் இதையே எடுத்தாண்டது. ஒவ்வொரு பயிருக்கும் அதில் இரண்டு எண்கள். ஒன்று தாங்கும் எல்லை. மற்றொன்று, அந்த எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் மகசூல் எத்தனை சதவீதம் சரியும் என்பது. நான் முதல் எண்ணோடு நின்றுவிட்டேன். இரண்டாவது எண்: நெல்லுக்கு 12, மணிலாவுக்கு 29.

ஒரு வரைபடத்தாளை எடுத்துக் கோடு போட்டேன்.

நெல் மகசூல் சதவீதம் = 100 − 12 × (மண் உப்பு − 3.0)
மணிலா மகசூல் சதவீதம் = 100 − 29 × (மண் உப்பு − 3.2)

நீங்களும் போட்டுப் பாருங்கள். படுக்கை அச்சில் மண்ணின் உப்பு, 0 முதல் 12 வரை. நிமிர்ந்த அச்சில் மகசூல் சதவீதம், 0 முதல் 100 வரை. எல்லை வரும் வரை இரண்டும் 100 என்ற உயரத்தில் திண்ணை மாதிரி தட்டையாக வரும். அதற்குப் பிறகு நெல் கோடு சாய்ந்த ஓட்டுக்கூரை மாதிரி மெல்ல இறங்கி, 11.3இல் தரையைத் தொடும். மணிலா கோடு ஏணியைச் சரித்து வைத்த மாதிரி இறங்கி, 6.7 வருவதற்குள் பூஜ்யமாகிவிடும். இரண்டு கோடும் 3.3க்குச் சற்று மேலே வெட்டுகின்றன. அதற்கு முன் இரண்டு பயிருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு மணிலாவுக்கு அதோகதிதான்.

செய்த தப்பு அதோடு முடியவில்லை. சீட்டில் இருந்த 3 தண்ணீரின் உப்பு. அட்டவணையில் இருப்பது வேர்ப்பகுதி மண்ணின் உப்பு. தண்ணீரைப் பயிர் குடித்துவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். ஓரளவு வடிகால் உள்ள நிலத்தில் மண்ணின் உப்பு பாசன நீரைப் போல் ஒன்றரை மடங்காக நிற்கும் என்பது அந்தக் கையேட்டின் கணக்கு. அதுவும் ஒரு நேர்க்கோடுதான்:

மண் உப்பு = 1.5 × தண்ணீர் உப்பு

தண்ணீர் 3 என்றால் மண் 4.5. அங்கே மணிலாவுக்கு 100 − 29 × 1.3, அதாவது 62 சதவீதம். நெல்லுக்கு 82. கரும்புக்கு எல்லை 1.7தான், ஆனால் சரிவு 5.9 மட்டுமே என்பதால் அதற்கு 83 வரும். பருத்திக்கு எல்லை 7.7, அதனால் குறையவே குறையாது. கரும்பின் எல்லை எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருந்தும் 4.5இல் அது நெல்லுக்குச் சமமாக நிற்பதைக் கவனியுங்கள். முதல் எண்ணை மட்டும் பார்க்கிறவர் கரும்பை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்.

இதை வைத்துக்கொண்டு நேரே போய்ப் பயிரை மாற்றிவிடாதீர்கள். சில எச்சரிக்கைகள் உண்டு. இந்தக் கோடுகள் சதவீதத்தைச் சொல்கின்றன, ரூபாயைச் சொல்வதில்லை. மணிலா 62 சதவீதம் வந்தாலும் விலை நன்றாக இருக்கும் வருஷத்தில் கணக்கு மாறலாம். நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைக் கொஞ்சமும் தாங்காது. கோடு சொல்வது மொத்தப் பருவத்தின் சராசரி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து மண்ணைக் கழுவிவிட்டால் மார்கழியில் உப்பு குறைவாகவும், கோடையில் இறைக்க இறைக்கக் கூடுதலாகவும் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. நம் ஊர் மண் பரிசோதனைச் சீட்டில் வரும் உப்பு எண், மண்ணோடு இரண்டு பங்கோ இரண்டரைப் பங்கோ தண்ணீர் ஊற்றிக் கலக்கி அளந்தது. மாஸ் - ஹாஃப்மன் கோட்டுக்கு வேண்டியது, மண் முழுக்க ஊறும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பிழிந்தெடுத்த சாற்றின் அளவு. இரண்டாவது பல மடங்கு கூடுதலாக இருக்கும், மணலில் ரொம்பவே கூடும். சீட்டில் 1.2 என்று பார்த்துவிட்டு "நமக்கென்ன கவலை" என்று இருந்துவிடக் கூடாது. எந்த முறையில் அளந்தது என்று பரிசோதனை நிலையத்தில் கேட்டுவிட்டுத்தான் தாளில் புள்ளி வையுங்கள்.

அந்த விவசாயியிடம் மறு வருஷம் போய்த் தாளைக் காட்டினேன். சைக்கிளில் சாய்ந்தபடி இரண்டு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். "இது கிணத்துல எறங்குற மாதிரி இருக்கே சார், அது வரப்புல எறங்குற மாதிரி" என்றார். சாய்வு என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

வீராணம் இறங்கும் வேகம்

நாளிதழில் வீராணம் ஏரியின் நீர்மட்டம் அடிக்கடி வருகிறது. முழு மட்டம் 47.50 அடி, முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. மட்டத்தைத் தேதி வாரியாகத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தால், தை மாதத்தில் கீழே இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 15 நாளில் 46.5 அடியிலிருந்து 45.6க்கு வந்தால் நாளுக்கு 0.06 அடி. இதே வேகத்தில் போனால் 44 அடியைத் தொட இன்னும் 26, 27 நாள் ஆகும் என்று ஸ்கேலை நீட்டியே சொல்லிவிடலாம்.

இங்கே புள்ளிகள் ஸ்கேலில் வைத்த மாதிரி உட்காராது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்த அன்று மேலே ஏறும், சென்னைக்குக் குடிநீர் கூடுதலாக எடுத்த நாளில் சற்றே சரியும். புள்ளிகளின் நடுவே ஓடும்படி ஒரு கோடு போட்டால் போதும். ஆனால் ஓர் அடி மட்டம் இறங்கினால் எப்போதும் ஒரே அளவு தண்ணீர் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மேலே ஏரி அகலம், கீழே போகப்போக ஒடுங்கும். மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் படம் போட்டால் அது நேர்க்கோடாக வராது, வளையும்.

இதையொட்டி வந்த கேள்விகள்

*யூரியாவுக்கும் மகசூலுக்கும் இப்படிக் கோடு போடலாமா? ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்றால் மூன்று மூட்டைக்கு மூன்று மடங்கு வருமா? (புவனகிரி வாசகர்)*

வராது. இதில் நேர்க்கோட்டை நம்பினால் மோசம் போவீர்கள். யூரியா போடாத வயலிலும் மண்ணில் இருக்கும் சத்தால் ஏதோ மகசூல் வரும், அதனால் கோடு பூஜ்யத்தில் தொடங்காது. முதல் தவணைக்கு மகசூல் நன்றாக ஏறும், அடுத்ததற்குக் கொஞ்சம் ஏறும், அதற்கடுத்து ஏறவே ஏறாது, பிறகு இறங்கவும் செய்யும். குன்று மாதிரி ஒரு வளைகோடு. இறங்குவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்: பயிர் பச்சைப் பசேலென்று நின்று சாயும், புகையான் வரும். பி.பி.டி. 5204 மாதிரி குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் ரகமாக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். குன்றின் உச்சி வரை போக வேண்டும் என்பதும் இல்லை. கடைசியாகப் போட்ட மூட்டையின் விலையை, அதனால் கூடுதலாக வந்த நெல்லின் விலை ஈடுகட்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இலை வண்ண அட்டையை வைத்துத் தழைச்சத்துப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

*உப்புத் தண்ணீருக்கு ஜிப்சம் போட்டால் கோடு மேலே ஏறுமா? (கிள்ளை வாசகர்)*

ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து, உவர் நிலத்துக்கு அது மருந்தாகாது. உவருக்கு நல்ல தண்ணீரைத் தேக்கிக் கழுவி வடிப்பதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்பு உயர்த்திப் பிடித்து வடித்துவிடுங்கள். அப்போது கோடு நகராது, கோட்டின் மேல் நீங்கள்தான் இடப்பக்கமாக, உப்பு குறைவான பக்கமாக நகர்வீர்கள். கோட்டையே மாற்ற வேண்டுமானால் ரகத்தை மாற்ற வேண்டும். கோ 43, திருச்சி 1 போன்றவை உப்புப் பாதித்த நிலங்களுக்குச் சொல்லப்படுபவை. நிலம் உவரா, களரா, இரண்டும் கலந்ததா என்பதைச் சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகு விதை வாங்குங்கள். மணிலாவுக்கு 45ஆம் நாள் ஜிப்சம் போடுவது வேறு காரியம். அது காய் பிடிக்கச் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் வேண்டும் என்பதற்காக.

*வரைபடத்தாள் கிராமத்தில் கிடைப்பதில்லை. என்ன செய்வது? (காட்டுமன்னார்கோவில் வாசகர்)*

சின்னப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்று ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் மறுநாள் நீங்களே குழம்பிப் போவீர்கள்.

முதல் கடிதம் எழுதிய வாசகருக்கு: நான் வைத்த 250, 100, 6,000 எல்லாம் உங்கள் எண்கள் அல்ல. வாடகையும் டீசலும் உங்களுக்குத் தெரிந்ததே. தெரியாதது அந்த டிரம் நிரம்பும் நேரம். வடிகாலில் தண்ணீர் நிறைய இருக்கும்போது ஒரு தடவை, தை கடைசியில் தண்ணீர் கீழே போய்க் குழாய் நீளமாகப் போட வேண்டியிருக்கும்போது ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது, இரண்டாவதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மகளையே கோடு போடச் சொல்லி அந்தத் தாளை இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். வெட்டும் இடம் எங்கே வருகிறது என்று பார்த்துப் பதில் எழுதுகிறேன்.